நாலு சாயமா, ரத்த டெஸ்ட்டா: குடல் ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ முடிவு

கேள்வி: கரூர் வாசகர், 9 ஜனவரி 2024

அப்பாவுக்கு 63 வயது. வலது பக்கப் பெருங்குடலில் கட்டி. போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. டி3 (குடல் சுவரின் தசையைத் தாண்டிவிட்டது), என்0, அதாவது எடுத்த 19 நிணநீர் முடிச்சுகளில் எதிலும் இல்லை, இரண்டாம் நிலை என்று ரிப்போர்ட். ஒரு டாக்டர் பாதுகாப்புக்காக கேப்சிட்டாபைன் மாத்திரை ஆறு மாதம் கொடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் தேவையில்லை என்கிறார். டல்லாஸில் இருக்கும் அத்தை பையன், இதெல்லாம் பழைய கதை, ரத்தத்தில் கேன்சர் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும், நெகட்டிவ் என்றால் கீமோவே வேண்டாம் என்கிறான். விலை விசாரித்தேன், பகீர் என்றது. கடன் வாங்கியாவது எடுத்துவிட வேண்டுமா?

9 ஜனவரி, இரவு

கடன் வாங்கும் முன் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இந்த நாலு பெயரும் இருக்கிறதா? பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? இல்லையென்றால் லேபுக்குப் போன் போட்டு "எம்எம்ஆர் ஐஎச்சி போட்டீர்களா" என்று கேளுங்கள். கட்டியில் இந்த நாலு புரதமும் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்க்கும் டெஸ்ட் அது. அப்பாவை மறுபடி ஊசியால் குத்த வேண்டியதில்லை. ஆபரேஷனில் எடுத்த சதை மெழுகு பிளாக்காக அங்கேயே இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. பெத்தாலஜி லேபில் பிளாக் அறுத்து ஸ்லைடு போடுகிறவள்.

10 ஜனவரி

அவசரத்தில் நேற்று காரணம் சொல்லவில்லை.

செல் பிரியும்போது டிஎன்ஏவை நகல் எடுக்கிறது. எடுக்கும்போது எழுத்துப்பிழை விழும். அதைப் பிடித்துத் திருத்துவது மேலே சொன்ன நாலு புரதங்கள். கட்டியில் இவற்றில் ஒன்றோ இரண்டோ காணாமல் போயிருந்தால் பிழைகள் குவிந்துகொண்டே போகும். அவ்வளவு பிழை உள்ள செல்லை உடம்பின் காவல் அணுக்கள் அந்நியன் என்று எளிதில் அடையாளம் கண்டுகொள்கின்றன. அதனாலோ என்னவோ, இந்த வகைக் கட்டி பரவுவதில் மந்தம். இரண்டாம் நிலையில் நூற்றுக்கு 15 முதல் 20 பேரிடம் இருப்பது, நான்காம் நிலைக்குப் போனால் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வலது பக்கக் கட்டிகளில் அதிகம்.

லேபில் செய்வது இதுதான். பிளாக்கை மூன்று நாலு மைக்ரான் கனத்தில் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுப்போம். பிறகு ஆன்டிபாடி, பிறகு பழுப்புச் சாயம். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். இல்லையென்றால் வெறும் நீலம். கட்டி நீலமாக இருப்பது மட்டும் போதாது. அதே ஸ்லைடில், கட்டிக்கு நடுநடுவே உட்கார்ந்திருக்கும் வெள்ளையணுக்கள் பழுப்பாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவையும் நீலமென்றால் கட்டியைக் குற்றம் சொல்ல முடியாது, சாயமே ஏறவில்லை. திரும்பப் போடு.

இனி கேப்சிட்டாபைன். அது உடம்புக்குள் போய் 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தாக மாறும் மாத்திரை. 2003ல் ரிபிக் என்பவரும் கூட இருந்தவர்களும் பழைய ஆய்வுகளில் சேர்த்துவைத்த 570 கட்டிகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். திருத்தும் புரதம் ஒழுங்காக இருந்தவர்களுக்கு 5-எஃப்யூ உதவியது, இல்லாதவர்களுக்கு உதவவில்லை. 2010ல் சார்ஜென்ட் குழு வேறு நோயாளிகளை வைத்துப் பார்த்தும் அதே பதில். ஆக, இரண்டாம் நிலை, கட்டியில் திருத்தும் புரதம் இல்லை என்றால் அந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பதற்குக் காரணம் கிடையாது. நோயும் பெரும்பாலும் திரும்புவதில்லை, மருந்தும் வேலை செய்வதில்லை.

13 ஜனவரி

கரூர்க்காரர் தனிச்செய்தியில் ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறார், பொதுவில் எழுதலாம் என்றும் சொல்லிவிட்டார். சாயம் போடவே இல்லையாம், கேட்டபிறகு போட்டிருக்கிறார்கள். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இரண்டும் இல்லை. மற்ற இரண்டும் இருக்கின்றன. இவை பெரும்பாலும் ஜோடியாகப் போகும். எம்எல்எச்1 போனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிஎம்எஸ்2ம் நிற்காது.

இரண்டு டாக்டர்களில் யார் சரி என்பதை அந்த இருவரிடமே இந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். ரத்த டெஸ்ட் கேள்வி இங்கேயே முடிந்தது என்பது என் எண்ணம்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. எம்எல்எச்1 இல்லாமல் போக இரண்டு வழி. ஒன்று, வயதாக ஆக அந்த மரபணுவே மெத்தில் என்ற ரசாயன ஒட்டைப் பூசிக்கொண்டு அணைந்துபோவது. இது அவரோடு முடிந்துவிடும். இன்னொன்று லிஞ்ச் நோய்க்குறி, அப்பா வழியாகவோ அம்மா வழியாகவோ வருவது. உங்களுக்குப் பாதிப் பாதி வாய்ப்பு, உங்களுக்கு வந்திருந்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே. பிரித்துக் காட்ட அதே பிளாக்கில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ மாற்றம் பார்ப்பார்கள். அது இருந்தால் முதல் வகை என்று கிட்டத்தட்ட உறுதி. இல்லாவிட்டால் மெத்தில் டெஸ்ட், பிறகு ரத்தத்தில் பரம்பரை மரபணு டெஸ்ட். அத்தைகளுக்குக் கர்ப்பப்பையிலோ குடலிலோ சின்ன வயதில் கேன்சர் வந்ததா என்றும் விசாரியுங்கள். நம் குடும்பங்களில் "வயித்துல கட்டி வந்து போயிட்டாங்க" என்பதோடு நிறுத்திவிடுவார்கள், கொஞ்சம் தோண்டித்தான் கேட்க வேண்டும்.

14 ஜனவரி

டல்லாஸ் தம்பி இந்த இழையையே படித்துவிட்டாராம். கோபமாம். பொங்கலும் அதுவுமாக ஏன் சண்டை. அவர் சொன்ன டெஸ்ட்டைப் பற்றி நல்லதும் எழுதுகிறேன், ஆனால் மொத்தமாக எழுதுகிறேன்.

21 ஜனவரி

எழுத உட்கார்ந்த வாரத்திலேயே செய்தி வந்துவிட்டது. முதலில் பழைய கதை.

கட்டி செத்துச் செத்து உதிர்க்கும் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும். சில மணி நேரத்தில் கரைந்துவிடும். ஆபரேஷன் முடிந்து நாலு வாரம் கழித்தும் கட்டியின் அதே மாற்றம் ரத்தத்தில் தெரிகிறதென்றால், ஸ்கேனில் தெரியாத எங்கோ ஓரிடத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மெல்போர்னில் ஜீன் டை, பீட்டர் கிப்ஸ் குழு 2016ல் 230 இரண்டாம் நிலை நோயாளிகளை வைத்து இதைக் காட்டினார்கள். கீமோ போடாதவர்களில் ரத்தம் பாசிட்டிவ் ஆனவர்கள் 14 பேர். அதில் 11 பேருக்கு நோய் திரும்பியது. நெகட்டிவ் ஆன 164 பேரில் 16 பேருக்கு மட்டும்.

அடுத்து அவர்களே டைனமிக் என்று ஒரு சோதனை நடத்தி 2022ல் வெளியிட்டார்கள். இரண்டாம் நிலை, 455 பேர். ஒரு பிரிவுக்கு டாக்டர் வழக்கம்போல முடிவு செய்வார். இன்னொரு பிரிவுக்கு 4வது, 7வது வார ரத்தம் முடிவு செய்யும். ரத்தம் சொன்ன பிரிவில் 15 சதவீதம் பேர்தான் கீமோ போட்டுக்கொண்டார்கள், வழக்கமான பிரிவில் 28 சதவீதம். இரண்டு வருடத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் 93.5, 92.4. கீமோ பாதியாகக் குறைந்தும் யாருக்கும் நஷ்டமில்லை. படித்த அன்று லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வாரச் செய்தி அமெரிக்காவின் கோப்ரா சோதனை. இரண்டாம் நிலையிலேயே அபாயம் குறைந்தவர்கள். ரத்தம் பாசிட்டிவ் ஆனவர்களில் கீமோ கொடுத்த 9 பேரில் ஒருவருக்குத்தான் ஆறு மாதத்தில் ரத்தம் சுத்தமானது. ஒன்றும் கொடுக்காமல் கவனித்த 7 பேரில் 3 பேருக்குத் தானாகவே சுத்தமானது! பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் பயன்படுத்தியது, கட்டியைப் பார்க்காமல் ரத்தத்தை மட்டும் பார்க்கும் வகை டெஸ்ட். டைனமிக்கில் முதலில் கட்டியைப் படித்து, அதில் இருக்கும் மாற்றத்தை ரத்தத்தில் தேடினார்கள். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. தம்பி எதைச் சொன்னார் என்று அவரிடமே கேட்கிறேன்.

22 ஜனவரி

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாசிட்டிவ் 14ல் 11 என்பது "திரும்ப வருமா" என்ற கேள்விக்குப் பதில். "கீமோ போட்டால் வராமல் நிற்குமா" என்பது தனிக் கேள்வி. டைனமிக்கிலும் பாசிட்டிவ் ஆன எல்லோருக்கும் கீமோ கொடுத்தார்கள், கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எந்த டெஸ்ட் பற்றி யார் பேசினாலும் இது எந்தக் கேள்விக்குப் பதில் என்று நான் இனிமேல் கேட்கப்போகிறேன். 12 மரபணு ஸ்கோர் என்று ஒன்று வருகிறதே, அதுவும் முதல் கேள்விக்கு மட்டும்தான். நாலு சாயம் இரண்டுக்கும் பதில் சொல்கிறது. அதனால்தான் அதன் மேல் எனக்கு இத்தனை பாசம். நான் போடும் சாயம் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

3 மார்ச் 2024

மூன்றாம் நிலை பற்றிக் கேட்டவருக்கு. முடிச்சில் வந்துவிட்டால் கீமோ வேண்டுமா என்பதில் பெரும்பாலும் சர்ச்சை இல்லை. எவ்வளவு நாள், எவ்வளவு கடுமை என்பதுதான் சர்ச்சை.

எங்கள் அக்காவுக்கு மூன்றாம் நிலை. டி3, ஒரே ஒரு முடிச்சு. அப்போது எல்லோருக்கும் ஆறு மாதம் ஆக்ஸாலிபிளாட்டின் சேர்த்த கீமோ. அதற்கு ஆதாரம் 2004ல் வந்த மொசைக் சோதனை, 2246 பேர். 5-எஃப்யூவோடு ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்த்தபோது மூன்று வருடத்தில் நோயில்லாதவர்கள் 72.9லிருந்து 78.2 சதவீதம் ஆனார்கள். அந்த ஐந்து சதவீதத்துக்கு விலை நரம்பு. ஃப்ரிட்ஜிலிருந்து தயிர்ப் பாத்திரத்தை எடுத்தால் அக்காவுக்குக் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். மார்கழியில் குழாயைத் திறக்கக் கையில் துணியைச் சுற்றிக்கொள்வாள். குளிர்ச்சி பட்டால் வரும் அந்த வேதனை கீமோ முடிந்ததும் போய்விட்டது. மரத்துப்போனது போகவில்லை. கூட்டுறவு சங்கத்தில் காசாளர் வேலை. இன்றைக்கும் நோட்டு எண்ணும்போது விரலில் இருப்பது ஒன்றா இரண்டா என்று அவளுக்குத் தெரிவதில்லை. மெஷின் வாங்கித் தந்தார்கள். மெஷின் கெட்டுப்போன நாட்களில் பக்கத்து சீட்டுப் பெண் எண்ணித் தருவாள். "ஏன்க்கா, கை இல்லையா" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டாராம். அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

2018ல் ஐடியா என்ற ஆய்வு வந்தது. ஆறு சோதனைகளைச் சேர்த்து 12,834 பேர். மூன்று மாதமா ஆறு மாதமா என்ற ஒரே கேள்வி. மொத்தமாகப் பார்த்தால் மூன்று வருடத்தில் நோயில்லாதவர்கள் மூன்று மாதப் பிரிவில் 74.6, ஆறு மாதப் பிரிவில் 75.5. மூன்று மாதம் போதும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியவில்லை. ஆனால் டி1 முதல் டி3 வரை, ஒன்று முதல் மூன்று முடிச்சுவரை உள்ளவர்களுக்கு, மாத்திரையும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்த கேபாக்ஸ் முறையில் மூன்று மாதமே போதும் என்று தெளிவாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு 85.0, ஆறு மாதத்துக்கு 83.1. நரம்பு பாதித்தவர்கள் நூற்றுக்கு 45லிருந்து 14 ஆனார்கள்.

அக்கா அந்தக் கூட்டத்தில் அப்படியே பொருந்துவாள். கொடுத்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் அன்றைக்கு ஐடியா இல்லை. இதில் மூலக்கூறு டெஸ்ட் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். டி எத்தனை, முடிச்சு எத்தனை, அவ்வளவுதான். குறைந்தது 12 முடிச்சு எடுத்து எண்ணியிருக்க வேண்டும், அதுவும் எங்கள் மேஜையில் நடக்கிற வேலை. கொழுப்பை விரலால் நசுக்கி நசுக்கித் தேடுவோம். அரிசியில் கல் தேடத் தெரிந்தவர்களுக்கு வேலை சுலபம்.

5 மார்ச்

"கேராஸ் நார்மல் என்று வந்திருக்கிறது, செடக்ஸிமாப் சேர்க்கலாமா?" வேண்டாம். கேராஸ் மரபணுவில் மாற்றம் இல்லாத கட்டிகளில், நான்காம் நிலையில் அந்த மருந்து வேலை செய்கிறது, ஆகவே முன்னாலேயே கொடுத்தால் இன்னும் நல்லது என்று நினைத்துத்தான் அமெரிக்காவில் சோதித்தார்கள். 2012ல் முடிவு: கேராஸ் நார்மல் ஆனவர்களில், மூன்று வருடத்தில் நோயில்லாதவர்கள் செடக்ஸிமாப் சேர்த்தபோது 71.5, சேர்க்காதபோது 74.6. பணமும் போய், தோலெல்லாம் பருவும் வந்து, பலன் பூஜ்யம். ஒரு நிலையில் வழி காட்டும் மார்க்கர் இன்னொரு நிலையிலும் காட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

12 மே 2024

இடைவேளை. பிளாக் வாங்கி இன்னொரு லேபுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அக்னி நட்சத்திரம் நடக்கிறது. நேற்று ஒருவர் பைக் டேங்க் மேல் இருக்கும் பையில் பிளாக்கை வைத்து மத்தியானம் முழுக்க ஊர் சுற்றிவிட்டு வந்தார். மெழுகு இளகி பாலிதீன் கவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்ப வார்த்து எடுத்தோம், சதைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் முகத்தில்தான் ஈயாடவில்லை. டிபன் பாக்ஸில் வைத்து நிழலில் கொண்டுவாருங்கள். வாங்கும்போது பிளாக் எண், ரிப்போர்ட் எண் இரண்டும் பொருந்துகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

9 ஜூன் 2024

நெதர்லாந்திலிருந்து நிச்-2 முடிவு பத்திரிகையில் வந்துவிட்டது. திருத்தும் புரதம் இல்லாத பெருங்குடல் கட்டி. ஆபரேஷனுக்கு முன்னால் நிவோலுமாப், இபிலிமுமாப் என்று காவல் அணுக்களைத் தூண்டிவிடும் இரண்டு மருந்துகள். சில வாரங்களில் ஆபரேஷன். 95 சதவீதம் பேரிடம் கட்டி ஏறக்குறைய அழிந்திருந்தது. 68 சதவீதம் பேரிடம், எடுத்த குடலில் ஒரு கேன்சர் செல்கூட இல்லை. அப்படிப்பட்ட குடல் வந்தால் எங்கள் மேஜையில் என்ன பண்ணுவோம் தெரியுமா? நம்ப மாட்டோம். இன்னும் பத்து பிளாக் எடு என்பார் டாக்டர்.

இது இந்த இழையின் தலைப்புக்கு வெளியே. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, சாயத்தை ஆபரேஷனுக்கு முன், கொலனோஸ்கோப்பி பயாப்ஸியிலேயே போட்டிருக்கலாமே என்று தோன்றிவிட்டது. அந்தச் சின்னத் துணுக்கு உடனே ஃபார்மலினில் விழுவதால் சாயமும் நன்றாக ஏறும். பெரிய குடல் திறக்கப்படாமல் ராத்திரி முழுக்கக் கிடந்துவிட்டு வந்தால் நடுவில் ஃபார்மலின் போகாமல் வெளிறிக் கிடக்கும், அதில் சாயத்தைப் படிப்பது பெரும் தலைவலி.

18 ஆகஸ்ட் 2024

மாத்திரை தொடங்கி ஒரு வாரத்துக்குள் வாயெல்லாம் புண், நிற்காத பேதி, ஐசியு என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் அம்மா தேறிவிட்டார். இது கட்டியின் மார்க்கர் இல்லை, ஆளின் மார்க்கர். டிபிடி என்ற நொதிதான் 5-எஃப்யூவை உடைத்து வெளியேற்றுகிறது. பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்களுக்கு வழக்கமான அளவே விஷம். ஐரோப்பிய மருந்து முகமை 2020ல், இந்த மருந்து கொடுக்கும் முன் டிபிடி குறைபாட்டைப் பரிசோதியுங்கள் என்று சொல்லிவிட்டது. பகுதிக் குறைபாடு என்றால் பாதி அளவில் தொடங்குவார்கள்.

டிபிடி டெஸ்ட்டில் சாதாரணமாகத் தேடும் நாலு மரபணு மாற்றங்களும் ஐரோப்பியர்களின் தரவிலிருந்து தேர்ந்தெடுத்தவை. நெகட்டிவ் என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடாமல் முதல் சுற்றில் வாய்ப்புண்ணுக்கும் பேதிக்கும் உடனே போன் போடுங்கள். "அடுத்த விசிட்டில் சொல்லிக்கலாம்" என்பது இங்கே ஆகாது. யூரிடின் ட்ரைஅசிடேட் என்ற முறிமருந்து அமெரிக்காவில் 2015லேயே அனுமதி பெற்றது. ஆனால் கடைசி டோஸிலிருந்து 96 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

28 ஜனவரி 2025

சான் பிரான்சிஸ்கோ மாநாடு. ஒரே நாளில் ஒரு ஏமாற்றம், ஒரு ஆச்சரியம்.

ஏமாற்றம் ஜப்பானின் ஆல்டேர் சோதனை. இதே ஜப்பானியர்கள்தான் கேலக்ஸி ஆய்வில் ஆயிரம் பேருக்கு மேல் ரத்தம் பார்த்து, ஆபரேஷன் முடிந்து நாலாவது வாரம் நெகட்டிவ் என்றால் 18 மாதத்தில் நோயில்லாதவர்கள் 90.5 சதவீதம், பாசிட்டிவ் என்றால் 38.4 என்று காட்டியவர்கள். முதல் கேள்விக்கு இதைவிடக் கூர்மையான பதில் யாரிடமும் இல்லை. ஆல்டேர் இரண்டாவது கேள்வியைக் கேட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தம் பாசிட்டிவ். அவர்களில் ஒரு பிரிவுக்கு ட்ரைஃப்ளூரிடின்-டிபிராசில் என்ற கீமோ மாத்திரை, மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வித்தியாசம் சற்று தெரிந்தது, தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்கு இல்லை.

ஆச்சரியம் ஸ்வீடனின் அலாஸ்கா சோதனை. மருந்து ஆஸ்பிரின்! விரிவாக அப்புறம், எனக்கே இன்னும் ஜீரணமாகவில்லை.

2 பிப்ரவரி 2025

பெயர் வேண்டாம் என்ற ஒருவர் எழுதியது, அவர் அனுமதியோடு சுருக்கமாக. வெளிநாட்டில் மகன் பணம் கட்டி ரத்த டெஸ்ட் எடுக்கவைத்தார். பாசிட்டிவ். கீமோ ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஸ்கேன் சுத்தம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், மறுபடி சுத்தம். "சீட்டு குலுக்கிப் போட்டாச்சு, பேர் வந்தாச்சு, பரிசு எப்போன்னு சொல்ல மாட்டேங்கறாங்க" என்கிறார். டாக்டரிடம் இதற்கென்று புதிய மருந்து இல்லை.

நெகட்டிவ் வந்தால் என்ன செய்வேன், பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வேன் என்பதை டாக்டரோடு முன்கூட்டியே பேசித் தாளில் எழுதிக்கொள்ளாமல் ரத்தம் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விதிவிலக்கு ஒப்புக்கொள்கிறேன்: பாசிட்டிவ் என்றால் ஸ்கேனை அடிக்கடி எடுத்து, கல்லீரலில் ஒற்றைப் புள்ளியாக வரும்போதே வெட்டி எடுக்கலாம் என்று சில சர்ஜன்கள் நினைக்கிறார்கள். அது நியாயமான பதில்தான்.

3 ஜூன் 2025

சிகாகோவில் அடாமிக் முடிவு. மூன்றாம் நிலை, திருத்தும் புரதம் இல்லாதவர்கள், 712 பேர். எல்லோருக்கும் ஃபோல்ஃபாக்ஸ், அதாவது 5-எஃப்யூவும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்த கீமோ. பாதிப் பேருக்கு அதோடு காவல் அணுக்களைத் தூண்டிவிடும் அடிசோலிசுமாப். மூன்று வருடத்தில் நோயில்லாதவர்கள் சேர்க்காதபோது 76, சேர்த்தபோது 86 அளவில். திரும்பும் அபாயம் பாதி! போன வருடம்வரை நாலு சாயம் "இதைக் கொடுக்காதே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது "இதைக் கொடு" என்றும் சொல்கிறது. அந்த மருந்தின் விலை வேறு விஷயம். அதைப் பற்றி எழுதினால் இன்று தூக்கம் வராது.

அதே மேடையில் சேலஞ்ச் என்ற சோதனை. மார்க்கர் எதுவும் கிடையாது. 889 பேர், கீமோ முடிந்தவர்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சியாளரை வைத்து மூன்று வருடம் நடை, உடற்பயிற்சி. ஐந்து வருடத்தில் நோயில்லாதவர்கள் அந்தப் பிரிவில் 80.3, மற்றதில் 73.9. அக்காவுக்குப் போன் போட்டேன். "இதுக்கு எந்த பிளாக் அறுக்கணும்?" என்று கேட்டாள்.

20 செப்டம்பர் 2025

அலாஸ்கா முழுக் கட்டுரை வந்துவிட்டது. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, நார்வே. குடல் கட்டியில், செல்லை வளரச் சொல்லும் பிஐகே3சிஏ மரபணுவின் வழியில் மாற்றம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். 37 சதவீதம் பேரிடம் இருந்தது. அவர்களில் 626 பேருக்கு 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் அல்லது வெறும் மாத்திரை, தினம் ஒன்று, மூன்று வருடம். பிஐகே3சிஏ மரபணுவின் எக்ஸான் 9 அல்லது 20 என்ற பகுதிகளில் மாற்றம் உள்ளவர்களில் நோய் திரும்பியது 14.1 சதவீதத்திலிருந்து 7.7 ஆனது. அதே வழியில் வேறு மாற்றங்கள் உள்ளவர்களுக்கும் பலன் குறையவில்லை.

2012லேயே அமெரிக்க நர்ஸுகளையும் மற்ற மருத்துவத் துறையினரையும் பல வருடம் பின்தொடர்ந்த தரவில் இந்தச் சாடை தெரிந்தது. யாரும் முழுதாக நம்பவில்லை, நானும்தான். சிங்கப்பூரிலிருந்து நடத்திய ஆஸ்கோல்ட் சோதனையில் மார்க்கர் பார்க்காமல் ஒரு பிரிவுக்கு 200 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறு பிரிவுக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் நோயில்லாதவர்கள் 77.0க்கு 74.8, பலன் நிரூபணமாகவில்லை. அதே மாத்திரை. யாருக்கு என்று தெரிந்து கொடுத்தபோது பேசுகிறது. இந்த இழையில் நான் கத்திக்கொண்டிருக்கும் இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு மலிவான பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறவர்களுக்கு: தீவிரமான பக்கவிளைவு ஆஸ்பிரின் பக்கம் 16.8 சதவீதம், மறுபக்கம் 11.6. அல்சர் இருப்பவர்கள், ஏற்கெனவே ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் தாமாக ஆரம்பிக்காதீர்கள். மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆரம்பித்தால் நீங்கள் ஆஸ்கோல்ட், அலாஸ்கா இல்லை.

22 அக்டோபர் 2025

பெர்லினில் டைனமிக்-3. மெல்போர்ன்காரர்களே, இப்போது மூன்றாம் நிலை. ரத்தம் நெகட்டிவ் ஆனவர்களுக்குக் கீமோவைக் குறைத்தார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் வாங்கியவர்கள் நூற்றுக்கு 89லிருந்து 35 ஆனார்கள். மூன்று வருடத்தில் நோயில்லாமல் குறைத்தவர்கள் 85.3, வழக்கம்போல வாங்கியவர்கள் 88.1. வித்தியாசம் மூன்றுக்குள்தான், ஆனால் முன்னால் போட்டுக்கொண்ட எல்லைக்கோட்டைக் கணக்கு சற்றே தாண்டிவிட்டது. ஆகவே "சமம்" என்று சொல்ல உரிமையில்லை. பாசிட்டிவ் ஆனவர்களுக்குக் கடுமையான கீமோ கொடுத்துப் பார்த்ததிலும் பலன் இல்லை என்று ஜூனிலேயே சொல்லிவிட்டார்கள்.

டல்லாஸ் தம்பி "பார்த்தீங்களா, மூணுதானே வித்தியாசம்" என்று எழுதியிருக்கிறார். தம்பி, அக்காவை நினைத்தால் எனக்கும் அந்த மூன்றைக் கொடுத்துவிட்டு விரலை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது. அவளிடமே கேட்டேன். "புள்ளைங்க அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தாங்க, அந்த மூணையும் நான் விட்டிருக்க மாட்டேன். இப்ப கேட்டா விட்டுடுவேன்" என்றாள். 72 வயதில் நீரிழிவால் ஏற்கெனவே கால் மரத்திருப்பவருக்கும் 45 வயதுக்காரருக்கும் இந்த மூன்று ஒரே எடை இல்லை. டாக்டர் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

9 நவம்பர் 2025

"ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம். பிளாக் லேபில் இருக்கிறதாம். பிஐகே3சிஏ பார்க்கலாமா?" பார்க்க முடியும், டிஎன்ஏ இரண்டு வருடத்தில் அழிந்துவிடாது. ஆனால் அலாஸ்காவில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்துக்குள் மாத்திரை தொடங்கியவர்களைத்தான் சேர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் தொடங்குவதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. இவ்வளவு நாள் திரும்பாமல் இருப்பதே உங்கள் பக்கம் நிற்கும் விஷயம்.

அதே பிளாக்கில் நாலு சாயம் போட்டார்களா என்று மட்டும் பாருங்கள். போடவில்லை என்றால் இப்போது போடலாம், உங்கள் மருந்துக்காக இல்லை, உங்கள் மகளுக்காக. அவருக்கும் லிஞ்ச் என்று தெரிந்தால் அவர் 20, 25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி செய்துகொள்வார். பிளாக் எண்ணை மறக்காமல் எழுதிக்கொண்டு போங்கள், பெயரை வைத்துத் தேடச் சொன்னால் எங்களுக்கு அரை நாள் போய்விடும்.